பாசியும் வோலும்

என் மச்சான் முத்துசாமி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். கல்யாண வீடோ துக்க வீடோ, ஓரமாகப் போய் உள்ளங்கையைச் சுவரில் பதித்து, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவார். என் அக்கா தெய்வானையைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அதையே செய்தார். இந்த ஆள் பெண் பார்க்க வந்தாரா, வீடு வாங்க வந்தாரா என்று எங்கள் அப்பாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிவிட்டு இறங்கி வரும்போதும் பிராகாரத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தொழில் அப்படி. கேலாங்கில் பிறந்து வளர்ந்தவர். பெயின்டராக ஆரம்பித்து, அடுக்குமாடி பிளாக்குகளைக் கழுவும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசர் ஆனார். இந்த ஊரில் மழைக்கும் வெயிலுக்கும் நடுவே மூச்சு விட நேரம் கிடையாது. புதுச் சுவர் கொஞ்ச நாளில் கறுக்கும், பிறகு பச்சையாகப் படரும். தண்ணீர் ஜெட்டைப் பிடித்து அந்தப் பாசியை அடித்துத் தள்ளுவதுதான் அவர்கள் வேலை. பஸ்ஸில் போகும்போது வெளியே கையைக் காட்டி, "அது என் வோல்" என்பார். வோல் என்றால் சுவர்தான். நாங்கள் இரண்டு தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். சுவரைச் சுவர் என்று சொல்வது பள்ளிக்கூடத்துத் தமிழில் மட்டும். வீட்டிலும் வேலையிலும் எங்களுக்கு அது வோல்.

அவருக்கும் அக்காவுக்கும் ஒரே மகள், தாரணி. சின்ன வயதிலேயே அவள் அப்பாவிடம் கேட்டது பொம்மை இல்லை, பாசி. சுரண்டியெடுத்த பாசியை அவர் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வருவார். அது காய்ந்து தூளாகக் கிடக்கும். இவள் தண்ணீர் தெளிப்பாள். கொஞ்ச நேரத்தில் அது பச்சையாக எழுந்து நிற்கும். "பாசி செத்திருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லவே முடியாதுப்பா" என்று அவள் சொன்னதை, ஏதோ பெரிய விஞ்ஞானி சொன்னதைப் போல அவர் என்னிடம் வந்து சொன்னார். என் கடை வாசல் பாசியை விளக்குமாற்றால் தள்ளுகிற எனக்கு அதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. ஆனால் பெண் நன்றாகப் படித்தாள். எங்கள் பக்கத்தில் யாரும் படிக்காத அளவுக்குப் படித்தாள். ஆராய்ச்சிப் படிப்புக்கு வட நார்வேயில் இடம் கிடைத்தது.

லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் எனக்கு ஒரு சூட்கேஸ் கடை இருக்கிறது. அவளுடைய பெட்டி என் கடைப் பெட்டிதான். அதைக் கொடுக்க புக்கிட் பாஞ்சாங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அவள் தன் ஆராய்ச்சி என்னவென்று சொன்னாள்.

"மோஸும் வோலும்ப்பா. ஒரு வகை மோஸ், ஒரு வகை வோல். ரெண்டும் அந்தப் பனியில எப்படித் தாங்குதுன்னு கம்பேர் பண்ணப் போறேன்."

மச்சான் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். கண் நிறைந்துவிட்டது. பாசியும் சுவரும். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. அதை மகள் படிக்கப் போகிறாள், அதுவும் வெள்ளைக்காரன் ஊரில். மறுநாளிலிருந்து கோயிலில், மீன் வாங்கும் ஈரச்சந்தையில், எல்ஆர்டி ரயிலில் பக்கத்து இருக்கைக்காரனிடம் எல்லாம் இதே பேச்சு. எனக்கு வாய் சும்மா இருக்காது. வோலைப் பார்க்க நார்வே வரைக்கும் போக வேண்டுமா, புக்கிட் பாஞ்சாங்கில் வோல் இல்லையா என்று அவளிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "இங்க வோலே கிடையாது மாமா" என்றாள். நாலு பக்கமும் சுவர் நிற்க, நடுவில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னாள். படித்த பெண், ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவள் நார்வே போன பிறகு ஞாயிறுதோறும் போன் வரும். அப்பாவும் மகளும் பேசுவதைக் கேட்க நான் பல தடவை அங்கே இருந்திருக்கிறேன். வோல் எப்படி இருக்கிறது என்று இவர் கேட்பார். இந்த வருஷம் நிறைய இருக்கிறது என்பாள். ஆட்கள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள் போல என்று இவர் தலையாட்டுவார். என்ன நிறம் என்று கேட்பார். பழுப்பு என்பாள். பழுப்பு நல்லதுதான், அழுக்குத் தெரியாது என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வளர்ந்த பிள்ளைகள் அப்பனிடம் பேச விஷயம் இல்லாமல் தடுமாறுவதை நான் என் வீட்டிலேயே பார்க்கிறேன். இவர்களுக்கு அந்தக் குறையே இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு தடவை, பனிக்கட்டிக்கு அடியில் நானூறு வருஷம் கிடந்த பாசி, கட்டி உருகியதும் திரும்பத் துளிர்த்ததாக எங்கேயோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அதை மச்சான் யாரைப் பார்த்தாலும் சொன்னார்.

போன வருஷம் பிப்ரவரியில், காட்டுக்குள் இருக்கிற ஆய்வுக் குடிசையிலிருந்து அவள் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். எனக்கு அது மனப்பாடம். எங்கள் எல்லாருக்குமே மனப்பாடம்.

"அப்பா, இன்னிக்குப் பேச முடியாது, காத்து ஜாஸ்தியா இருக்கு. பயப்படாதீங்க, நான் நல்லா இருக்கேன். இந்தப் பனிக்கு அடியில வோல் இருக்குப்பா. மேல எவ்வளவு குளிர் அடிச்சாலும் அங்க கதகதப்பா இருக்கும். குளிர்காலம் முழுக்க உள்ளயே பத்திரமா இருக்கலாம். மேல நடந்து போறவங்களுக்கு உள்ள உயிர் இருக்கறதே தெரியாது."

மறுநாள் அவள் ஏதோ கருவிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பனிச்சறுக்குக் கட்டையில் கிளம்பினாள். புயல் திரும்பி அடித்தது. அவள் திரும்பி வரவில்லை. ஆட்கள் தேடினார்கள், நாய்கள் தேடின, ஹெலிகாப்டர் தேடியது. பனி உருகும் காலத்தில் மறுபடி தேடினார்கள். அவளுடைய ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை. உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று அந்த ஊர்ப் போலீஸ் எழுதிவிட்டது.

மச்சான் அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. "அவ வோலுக்குள்ள இருக்கா மச்சான்" என்றார். "மேல நடந்து போறவங்களுக்குத் தெரியாதுன்னு அவளே சொல்லியிருக்காளே. தேடினவன்லாம் மேலதானே நடந்தான்."

பனி உருகிவிட்டதே என்றேன். எல்லா இடத்திலும் உருகாது என்றார். சாப்பாடு என்றேன். குளிர்காலம் முழுக்க உள்ளேயே இருக்கலாம் என்று அவள் சொன்னால் எல்லாம் வைத்துத்தான் இருப்பாள் என்றார். நானூறு வருஷத்துப் பாசியைச் சொன்னார். பைத்தியம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தச் செய்தியை அவர் போடும்போதெல்லாம் அவள் குரல் அவ்வளவு தெம்பாக, அவ்வளவு பக்கத்தில் கேட்கும். பனிக்கு அடியில் ஒரு சுவர், அதன் மறைவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கேட்கக் கேட்க எனக்கே அது கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

அந்த வீடு மாறிப்போனது. தாரணியின் அறையில் ஃபேன் போடக் கூடாது, அவளுக்குக் குளிரும். எல்லாரும் மெதுவாகப் பேச வேண்டும், அவள் ஏதாவது தட்டினால் கேட்க வேண்டாமா. மச்சான் போகிற வருகிற இடமெல்லாம் சுவரில் காதை வைத்துக் கேட்டார். முன்பு உள்ளங்கை, இப்போது காது. அவரோடு வேலை பார்த்த ஒலி முகம்மது ஒரு நாள் என் கடைக்கு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜெட் போடும் முன் சூப்பர்வைசர் பிளாக்கின் சுவரில் காதை ஒட்டி ரொம்ப நேரம் நிற்கிறாராம். பிறகு, வேண்டாம், இந்தப் பக்கம் விட்டுவிடு, பாசி சாகவில்லை என்கிறாராம். பையன்கள் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறார்களாம், சுவருக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று. கொஞ்ச நாளில் கம்பெனி அவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்த மச்சானை நானே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். லிட்டில் இந்தியாவிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை ரயில் பூமிக்கு அடியில்தான் போகும். ஜன்னலுக்கு வெளியே இருட்டில் சுரங்கச் சுவர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியில் காதை வைத்திருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பி, "இப்ப மேல நடந்து போறவனுக்கு நாம உள்ள இருக்கறது தெரியுமா மச்சான்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தப் பயணம் முழுக்க நான் மேலே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்காவின் பாடு வேறு. தினமும் கனவில் தாரணி வந்து வாசல் கிரில்லுக்கு வெளியே நிற்கிறாள், தலையெல்லாம் ஈரம் என்றாள். "உள்ள வரவும் முடியல, போகவும் முடியல தம்பி. இவர் புடிச்சு வச்சிருக்கார். அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சு அனுப்பி விடுங்கடா." பிணம் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் கட்டி, பெயர் சொல்லி, காரியம் செய்து, கடலில் கரைக்கிற வழக்கம் உண்டு. பண்டாரத்தைப் பார்த்துப் பேசி வைத்துவிட்டு மச்சானிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். அப்பன் காரியம் செய்தால் உள்ளே இருக்கிற பிள்ளை மூச்சு நின்றுபோகும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் வெளியே போகும் வரை. அக்கா அடுப்படியில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். செத்தவளையும் போக விடாமல், இருப்பவளையும் வாழ விடாமல் இது என்ன பிடிவாதம் என்று எல்ஆர்டியில் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன்.

இந்த நிலைமையில்தான் நஸீஹா வந்தாள். தாரணியோடு அதே ஆராய்ச்சிக் குழுவில் இருந்த பெண், இந்த ஊர்க்காரி, தமிழ் முஸ்லிம் குடும்பம். விடுமுறையில் வந்திருக்கிறாள், பார்க்க வரலாமா என்று அக்காவுக்குப் போன் பண்ணியிருந்தாள். முன்பே வந்திருக்க வேண்டும், முகம் பார்க்கத் தைரியம் இல்லை என்றாளாம். அக்கா என்னையும் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போனேன்.

மச்சான் சட்டையை மாற்றி, தலை சீவி, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார். அந்தச் சுவரை நேரில் பார்த்த ஒருத்தி வருகிறாளே. அவள் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்துவிட்டார். அந்த வோல் குடிசையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், உள்ளே எத்தனை பேர் உட்காரலாம்.

நஸீஹாவுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அவள் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உயரமா? வோல் சின்னதுதானே அங்கிள்" என்று உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். "இவ்வளவுதான் இருக்கும்."

மச்சான் சிரித்தார். கேலி செய்கிறாள் என்று நினைத்தார் போல. அவள் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடி எங்கள் பக்கம் நீட்டினாள். ஒரு பெண்ணின் வெறும் கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அந்தக் கை யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கையில், பழுப்பு நிறத்தில், குட்டை வாலோடு ஒன்று சுருண்டு உட்கார்ந்திருந்தது.

"இதுதான் வோல். தாரணிக்கு இதுங்கன்னா உயிர்" என்றாள் நஸீஹா. பிறகு என்னைப் பார்த்து, பாவம், ஒன்றும் தெரியாமல் கேட்டாள். "வோலுக்குத் தமிழ்ல என்ன அங்கிள்?"

எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. யோசிக்கவும் தோன்றவில்லை.

"எலி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. பழுப்பு நிறம், இந்த வருஷம் நிறைய, இங்கே வோலே கிடையாது மாமா. இத்தனை வருஷம் அப்பாவும் மகளும் ஒரே வார்த்தையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷில் அந்த எலியும் சுவரும் வேறு வேறு வார்த்தை, எங்கள் வாயில் இரண்டும் வோல்தான். அவள் எலியைச் சொன்னாள், இவர் சுவரைக் கேட்டார். போலீஸிடமிருந்து வந்த கடிதங்களில் ஆய்வுப் பணிக்குப் போனாள் என்றுதான் இருந்தது, யாரும் கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை. பனிக்கு அடியில் சுவர் எதுவும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

மச்சான் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இந்த எலி பனிக்கு அடியில் எப்படி இருக்கும் என்று நிதானமாகக் கேட்டார். நஸீஹா சொன்னாள். தரைக்கும் பனிக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கும், அதில் வழி செய்துகொண்டு ஓடும், கிடைத்ததைத் தின்னும், ஓடிக்கொண்டும் தின்றுகொண்டும் இருந்தால்தான் உடம்பு சூடாக இருக்கும். நின்றுவிட்டால் போச்சு. பெரும்பாலானவை இரண்டாவது குளிர்காலத்தைப் பார்ப்பதில்லை. பாசி அப்படி இல்லை, அதற்கு அவசரமே கிடையாது. உறைந்தால் உறைந்து கிடக்கும், காய்ந்தால் காய்ந்து கிடக்கும், திரும்ப ஈரமும் வெளிச்சமும் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தாரணி எழுத இருந்தது அதைத்தான் என்றாள். ஒரே பனி, ஒன்று ஓடிப் பிழைக்கிறது, ஒன்று நின்று பிழைக்கிறது.

"அப்ப நாம எதுல சேர்த்திம்மா?" என்றார் மச்சான். "பாசியா, எலியா?"

நஸீஹாவுக்கு இப்போது புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

"எலி, அங்கிள். நம்ம ரத்தமும் சூடு. ஆனா அதுக்கு இருக்கற ரோமம்கூட நமக்கு இல்ல. நம்மளால ஒரு ராத்திரிகூட முடியாது."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். டீ ஆறுகிறது, குடி என்றார். அவள் குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அவளை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து தாரணியின் அறைக்குள் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஃபேனைப் போடு தெய்வான. ஒரே புழுக்கமா இருக்கு லா."

அக்கா சுவிட்சைத் தட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அடக்கி வைத்திருந்த அழுகை. வாய்விட்டு, அக்கம்பக்கம் கேட்கும்படி அழுதாள். அவர் தடுக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினேன்.

காலையில் அவரே எனக்குப் போன் பண்ணி, பண்டாரத்தைக் கூப்பிடு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காரியம். சோஃபாவைத் தள்ளிவிட்டு ஹாலில் வாழை இலை விரித்திருந்தோம். பண்டாரம் தர்ப்பையைப் பிரித்துக் கையும் காலுமாகக் கட்டி உருவம் செய்தார். தலைக்கு ஒரு முடிச்சு. அக்கா அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். பிறகு, குளிருக்குப் போர்த்துவது போல் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டாள். மச்சான் சட்டையில்லாமல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் செய்தார். மகள் பெயரைத் தெளிவாகச் சொன்னார். குரல் எங்கேயும் உடையவில்லை.

வருஷா வருஷம் திதி கொடுக்க நாள் குறிக்க வேண்டுமே என்றார் பண்டாரம். விஷயம் தெரிந்தவர், அதனால் மெதுவாகவே சொன்னார். எப்போது போனார்கள் என்று தெரியாதவர்களுக்கு அமாவாசையில் வைப்பது வழக்கம், தை அமாவாசை, ஆடி அமாவாசை, எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம்.

"இல்லைங்க, நாள் தெரியும்" என்றார் மச்சான். "போன செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்."

பண்டாரம் தயங்கி என்னைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அது வரைக்கும் அவ இருந்தா" என்றார் மச்சான்.

பண்டாரம் வேறு எதுவும் கேட்காமல் பஞ்சாங்கத்தை எடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு என்ன திதி என்று தேடினார். தர்ப்பை உருவத்துக்கு முன்னால், மச்சான் தோளை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாயங்காலம் "எலி" என்ற வார்த்தையைச் சொன்னவன் நான்.